ஸ்டியரிங் நட்டில் கட்டிய நூல்

பாவாவின் காருக்கு இரண்டே சீட்டு. கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு கித்தான் துணி உண்டு, அதிலும் இரண்டு பொத்தான்கள் அறுந்து போயிருந்தன. சென்னையில் ஏதோ கம்பெனியில் இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன சீமை வண்டி அது. பாவா என்றால் என் அக்காவின் கணவர். லுங்கி ஏற்றுமதி செய்தார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நாலு கிராமத்தில் அவருக்கு நெய்து கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். சிகரெட்டைத் தவிர அவருக்கிருந்த ஒரே ஊதாரித்தனம் இந்த வண்டிதான். திருத்தணி பஜாரில் அது நுழைந்தால் மாட்டு வண்டிக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து குனிந்து பார்ப்பார்கள். அவ்வளவு தாழ்வான வண்டி.

அதைப் பார்த்துக்கொண்டது நான். அறுபதுகளின் கடைசி, எனக்கு இருபத்தாறு வயது, பவர்லூம் ஷெட்டில் ஃபிட்டர். அதற்கு முன்னால் அரக்கோணத்தில் ரயில்வேயில் தற்காலிகக் கலாசி, பிறகு ஒரு சைக்கிள் கடை, பிறகு ஒரு அரிசி மில். எங்கேயும் ஒரு வருஷம் முழுசாக நின்றதில்லை. யாராவது ஒரு சொல் கூடச் சொல்லிவிட்டால் கையிலிருக்கும் ஸ்பானரை அங்கேயே போட்டுவிட்டு நடந்துவிடுவேன். திரும்பிப் போய்ச் சம்பளம் கேட்கக்கூட ரோஷம் விடாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கார் ஒன்றுதான் என்னை மூன்று வருஷமாக ஊரில் பிடித்து வைத்திருந்தது. பாவா ஒரு தடவையும் என்னைக் குறை சொன்னதில்லை. என் வேலை அவ்வளவு சுத்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியோடு ஆங்கிலத்தில் ஒரு கைப்புத்தகம் வந்திருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எனக்குப் பிடித்த பக்கங்கள் ஸ்டியரிங் பற்றியவை. எஞ்சின் சண்டித்தனம் செய்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஸ்டியரிங் சண்டித்தனம் செய்தால் வண்டி நிற்காது, எங்கேயோ போகும். அந்த வண்டியில் ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து இறங்கும் தண்டு ஒரு சின்னப் பல்சக்கரத்தில் முடியும். அது குறுக்கே படுத்திருக்கும் ஒரு பல்கம்பியை இடமும் வலமும் தள்ளும். கம்பியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ராடு, ராடின் நுனியில் பந்து போல் சுழலும் ஒரு மூட்டு, மூட்டைச் சக்கரத்தோடு பிடித்து வைக்க ஒரு நட்டு. இரண்டு பேர் உயிர் அந்த நட்டில் இருக்கிறது.

முதல் வருஷம் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். தறிக்காரன் கைக்கு எண்ணெய் என்றால் தாராளம். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடித்துக்கொள்ளும் இயந்திரம் அது, எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், பல்கம்பி இருக்கும் குழாய்க்குள் கிரீஸ் கன்னை வைத்து வயிறு முட்ட அடித்தேன். அங்கே போட வேண்டியது கிரீஸ் இல்லை, கெட்டியான கியர் ஆயில். அதுவும் கன்னில் பத்து அழுத்து, அதற்கு மேல் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் பிறகுதான் படித்தேன். மார்கழிக் காலையில் கிரீஸ் இறுகி, பாவா இரண்டு கையாலும் ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி ஸ்டியரிங்கைச் சுற்றினார். முனையிலிருந்த ரப்பர் உறை பலூன் மாதிரி உப்பிக் கிழிந்தது. எல்லாவற்றையும் பிரித்து மண்ணெண்ணெயில் அலசிப் போடப் பத்து நாள் ஆயிற்று. வேறு யாராவது என்றால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். பாவா கித்தான் துணியைப் போர்த்திவிட்டுப் பஸ்ஸில் போய்வந்தார்.

அதன்பிறகு புத்தகத்தில் சொன்னபடியே செய்தேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தில் பாரம் இல்லாமல் செய்துவிட்டு கிரீஸ் அடிப்பது. அடிப்பதற்கு முன், கிரீஸ் உள்ளே போகும் மூக்கான நிப்பிளை நன்றாகத் துடைப்பது, இல்லாவிட்டால் கிரீஸோடு மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவோம். பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடிப்பது. பிறகு ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நாலைந்து தடவை திருப்புவது. துடைக்க வேஸ்ட் நூலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. மற்ற ஊர் மெக்கானிக்குகள் காசு கொடுத்து வாங்குவதை நாங்கள் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தோம். கிரீஸ் அடித்து முடித்ததும் அக்காவைக் கூப்பிடுவேன். அவள் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை லேசாக ஆட்டுவாள். நான் கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பேன். "போதுமாடா, தோசை கருகுது" என்று மேலிருந்து குரல் வரும்.

பாவாவும் அக்காவும் திருப்பதி போவதாக ஏற்பாடு ஆயிற்று. அக்காவுக்கு ஒரு வேண்டுதல். மலை மேலும் காரிலேயே ஏறுவதாகப் பாவா சொன்னார். மலைக்கு அப்போது ஒரே பாதை. மேலேயிருந்து வண்டிகள் இறங்கி முடித்த பிறகுதான் அடிவாரத்தில் கேட்டைத் திறந்து ஏறவிடுவார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், வளைவுக்கு மேல் வளைவு. ஆகவே முதல் நாளே ஸ்டியரிங்கை முழுசாகப் பார்த்துவிடச் சொன்னார்.

இடது பக்க மூட்டின் ரப்பர் கிழிந்திருந்தது. மூட்டைக் கழற்றி ரப்பரை மாற்றி, கிரீஸ் அடித்து, நட்டை முறுக்கினேன். அந்த நட்டின் தலையில் வரிசையாகப் பள்ளம் வெட்டியிருக்கும். போல்ட்டில் ஒரு துளை இருக்கும். பள்ளமும் துளையும் நேரே வந்ததும் ஸ்பிளிட் பின் என்கிற இரட்டைக்கால் கம்பியைச் செருகிக் காலை மடக்கிவிட வேண்டும். பிறகு நட்டு தானாகக் கழலாது. நான் முறுக்கியபோது பள்ளம் துளைக்கு நேரே வரவில்லை. இன்னும் முறுக்கித்தான் நேரே கொண்டுவர வேண்டும், ஒருபோதும் தளர்த்தக் கூடாது என்று புத்தகம் சொல்கிறது. எனக்கு வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது, நட்டு அசைய மறுத்தது, எரிச்சல் வந்தது. கால் சுற்று தளர்த்தினேன். பழைய பின்னைச் செருகினேன். அது மடக்கும்போது ஒடிந்தது.

மத்தியானம் இரண்டு மணி. ஹார்டுவேர் கடைக்காரர் சாப்பாட்டுக்குக் கடையை மூடிவிட்டுப் போனால் நாலு மணிக்குத்தான் திறப்பார். தறியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த நட்டு அதிர்ந்து கழன்றாலும், சாமான் வரும்வரை நூலை எட்டு இழையாக முறுக்கிச் சுற்றிக் கட்டிவிடுவோம். அந்தக் கட்டிலேயே தறி ஒரு வாரம் ஓடும். ஃபிட்டரும் கட்டுவான், நெய்கிறவனும் கட்டுவான், யாரும் யோசித்துக் கட்டுவதில்லை. சட்டைப் பையில் நீலப் பாவு நூல் கிடந்தது. முறுக்கினேன், துளையில் கோத்தேன், பள்ளத்தில் இழுத்து முடிச்சுப் போட்டேன். நாலு மணிக்குப் பின் வாங்கி வந்து மாட்டிவிடலாம் என்று சக்கரத்தையும் மாட்டி ஜாக்கியை இறக்கினேன். அப்போது ஷெட்டிலிருந்து ஆள் வந்தது, இரண்டு தறி நின்றுபோச்சு என்று. போனேன். அதோடு மறந்தேன். இதற்குச் சாக்கு எதுவும் கிடையாது.

மறுநாள் காலை எட்டரை மணி இருக்கும். ஷெட்டில் ஒரு தறியின் நட்டு தடதடத்தது. நூலை இழுத்து முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சை இறுக்கும்போது என் விரல்களைப் பார்த்தேன். காரின் நட்டில் இன்னும் நூல்தான் இருந்தது. அத்தனை தறிச் சத்தமும் எனக்குக் கேட்காமல் போயிற்று.

ஓடினேன். பாவா வீட்டு முன்னால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறைதான் இருந்தது. எதிர்வீட்டு அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "ஏழு மணிக்கே போயிட்டாங்களே. உங்க அக்கா பூ வச்சிகினு ஜம்முனு உக்காந்துகினு போச்சு" என்றார். நான் பஜாருக்கு ஓடினேன். ஹார்டுவேர் கடை அப்போதுதான் திறந்திருந்தது. நாலு ஸ்பிளிட் பின் வாங்கினேன். ஒன்று போதும், நாலு வாங்கினேன். ஸ்பானரும் கட்டிங் பிளேயரும் இடுப்பில் இருந்தன. திருப்பதி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன்.

பஸ்ஸில் சீட்டு இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. படியில் நின்றுகொண்டு வழியெல்லாம் இரண்டு பக்கப் பள்ளத்தையும் பார்த்தேன். கண்டக்டருக்கு அது பிடிக்கவில்லை.

"சீட்டு காலியா இருக்குது, உள்ள வந்து உக்காருய்யா."

"பரவால்லைங்க."

"உனக்குப் பரவால்ல. நீ விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்."

உள்ளே போய் உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடி படிக்கு வந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. நட்டு முழுசாகக் கழல எத்தனை சுற்று வேண்டும்? பத்து, பன்னிரண்டு. கால் சுற்று நானே தாராளமாகக் கொடுத்திருக்கிறேன். நூல் கிரீஸில் ஊறினால் வழுக்கும். ஆனால் ஊறினால் முடிச்சு இறுகவும் செய்யும். இல்லை, கல்லில் சக்கரம் குதிக்கக் குதிக்க நூல் தேய்ந்து அறும். சமவெளியில் கழன்றால் நிலக்கடலைக் கொல்லையில் போய் விழுவார்கள். மலையில் கழன்றால்? அங்கே என் கணக்கு நின்றுவிடும், மறுபடி சுற்றிலிருந்து ஆரம்பிப்பேன். சாமியிடம் எனக்குப் பெரிய பழக்கம் கிடையாது. ஊரே படியேறும் மலையடியில் வளர்ந்தும் தைக்கிருத்திகைக்குக்கூட மேலே போகாதவன் நான். அன்றைக்கு, கேட்டை மட்டும் திறந்துவிடாதே என்று கேட்டுக்கொண்டே போனேன். எங்கள் முருகனைக் கேட்டேனா அவர்கள் பெருமாளைக் கேட்டேனா, தெரியாது.

நகரி தாண்டி ஒரு புளிய மரத்தடியில் கூட்டம் நின்றது. பத்திருபது பேர், எல்லோரும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு. பஸ் வேகம் குறைந்ததும் நான் குதித்துவிட்டேன். முழங்கை சிராய்ந்தது பிறகுதான் தெரிந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால் ஒரு மாட்டு வண்டி அச்சு முறிந்து சாய்ந்து கிடந்தது. கரும்புக் கட்டு சிதறியிருந்தது. வண்டிக்காரர் தெலுங்கில் மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த மனிதரின் கஷ்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஓடிப் பிடித்தேன். கண்டக்டர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, "யாருய்யா போறாங்க முன்னாடி?" என்றார்.

"எங்க அக்கா."

புத்தூரில் பஸ் பத்து நிமிஷம் நிற்க வேண்டியது. டீக்கடைப் பக்கம் இறங்கிய டிரைவரிடம் கண்டக்டர் என்ன சொன்னாரோ, டிரைவர் டீயை ஆற்றாமல் குடித்துவிட்டு வந்து ஏறினார்.

திருப்பதியில் இறங்கி ஜட்கா பிடித்தேன். குதிரை நடக்கிற நடைக்கு நான் ஓடியே போயிருக்கலாம், பாதி வழியில் அப்படித்தான் செய்தேன். அடிவாரத்தில் கேட் மூடியிருந்தது, இரண்டு மணி நேரமாகத் திறக்கவில்லையாம். வண்டிகள் வரிசையாக நின்றன. நாலு பெரிய வண்டிகளுக்கு நடுவில், உட்கார்ந்த மாடு மாதிரி, அந்தத் தாழ்ந்த பச்சை வண்டி. அக்கா சீட்டில் உட்கார்ந்து இலைப் பொட்டலத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் இரண்டு காலும் சரியாக இருந்தன. பக்கத்திலிருந்த வேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ எப்படிடா வந்தே?" என்றாள் அக்கா. இட்லி கையிலேயே நின்றது.

"சாமி பாக்கணும்னு தோணுச்சு."

"நீயா?" என்று அவள் சிரித்தாள். "முழங்கையில இன்னாடா ரத்தம்?"

"பஸ்ல இடிச்சுகினேன். அக்கா, நேத்து ஒரு சத்தம் கேட்டுச்சு, ஒரு வாட்டி அடியில பாத்துடறேன்."

அவள் என்ன சொன்னாள் என்று கேட்காமல் இடது சக்கரத்துக்குப் பின்னால் மல்லாந்து படுத்து நுழைந்தேன். சைலன்சர் சூட்டில் முகம் எரிந்தது. கையால் தடவினேன். நூல் இல்லை. மறுபடி தடவினேன். பிறகு விரலில் ஏதோ குத்தியது. புது ஸ்பிளிட் பின். இரண்டு காலும் ஒழுங்காக மடக்கியிருந்தது, ஒன்று மேலே, ஒன்று கீழே, புத்தகத்திலுள்ள படம் மாதிரி. நட்டு அடுத்த பள்ளம் வரை முறுக்கப்பட்டிருந்தது. நான் முறுக்க முடியாமல் விட்ட அதே முறுக்கு. நான் வழித்துவிட மறந்த கிரீஸைக்கூடத் துடைத்திருந்தார்கள்.

பாவாவின் செருப்பு கண்ணில் பட்டது. அவர் சிகரெட்டோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழே எட்டிப் பார்த்தார். அக்கா காதில் விழாத குரலில் பேசினார்.

"வெளிய வா மச்சான். காலையிலேயே பாத்து மாத்திட்டேன்."

நான் வெளியே வந்தேன். எழுந்திருக்கவில்லை, மண்ணிலேயே உட்கார்ந்தேன். அவர் என்னை வரிசைக்கு அப்பால் ஒரு வேப்ப மரம் வரை கூட்டிப் போனார்.

"நீங்க எப்பவும் அடியில படுத்துப் பாப்பீங்களா பாவா?"

"ஆங். நீ வேலை செஞ்சா, மறுநா வெடிகாலையில ஒரு வாட்டி பாத்துடுவேன்."

"மொதல்ல இருந்தா?"

"இல்ல. போன வருஷத்துல இருந்து."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உயிரோடு இருக்கிறார்களே என்ற நிம்மதியைக்கூட அந்தக் கோபம் ஒரு கணம் தள்ளிவிட்டது. நம்பாவிட்டால் சொல்லியிருக்கலாமே, வேறு ஆள் வைத்திருக்கலாமே, யார் வேண்டாம் என்றது? இடுப்பிலிருந்த ஸ்பானரை உருவிக் கீழே போட்டேன். பாவா அதைப் பார்த்தார். குனிந்து எடுத்துத் துடைத்து, தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இதுக்குத்தான் உங்க அக்கா சொல்ல வேணாம்னா. 'சொன்னா அவன் எல்லாத்தையும் போட்டுட்டு ஊரை விட்டுப் போயிடுவான், அப்புறம் எங்க போய்த் தேடறது'ன்னா."

"அக்காவுக்குத் தெரியுமா?"

அவர் சிகரெட்டைக் காலில் தேய்த்து அணைத்தார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"போன வருஷம் பள்ளிப்பட்டு ரோட்டுல ராடு கழண்டுகினு போச்சு மச்சான். கம்பங் கொல்லையில இறங்கிட்டோம். மெதுவாத்தான் வந்தேன், இருந்தாலும் அவ கைய ஊணிட்டா. நட்டை நான் தேடி எடுத்தேன். அதுலயும் நூல்தான், மஞ்ச நூல்."

மஞ்சள் நூல். அப்படி ஒன்றைக் கட்டியதாக எனக்கு ஞாபகமே இல்லை. இன்றுவரை இல்லை. எந்த மத்தியானம், எந்தக் கடை மூடியிருந்தது, யார் வந்து கூப்பிட்டார்கள், எவ்வளவு துழாவினாலும் வருவதில்லை.

மேலிருந்து கடைசி வண்டி இறங்கிவிட்டது போலிருக்கிறது, கேட் பக்கம் விசில் ஊதினார்கள். வரிசையில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உறுமின. அக்கா காரிலிருந்தே எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டாள். வலது கை. அந்த மணிக்கட்டு போன வருஷம் எலும்பு முறிந்து, புத்தூர்க் கட்டோடு ஆறு வாரம் தொங்கியது. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டதாக எங்களிடம் சொன்னாள். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடக்கிறாய் என்று, நாலு பேர் முன்னால், அன்றைக்கு அவளைத் திட்டியவன் நான்.